பூமியில் நன்னீரும் உப்புநீரும் எங்கெங்கே இருக்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே வரும் மொத்த அளவுகள் பெரும்பாலும் ரஷ்ய நீரியலாளர் இகோர் ஷிக்லோமானோவ் 1993இல் வெளியிட்ட கணக்கைத் தழுவியவை. நிலத்தடி நீரை எவரும் படி வைத்து அளந்ததில்லை என்பதால், ஒவ்வோர் எண்ணுக்கு முன்னாலும் 'ஏறத்தாழ' என்ற சொல்லைச் சேர்த்தே படிக்க வேண்டும். ஓரிடத்துக்கு வந்து சேரும் நீருக்கு, ஆவியாகிப் போவதைத் தவிர வேறு வெளியேறும் வழி உண்டா என்ற கேள்வியே நன்னீரையும் உப்புநீரையும் பெரும்பாலும் பிரிக்கிறது. பல விடைகள் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கும்.

எவ்வளவு உப்பு இருந்தால் அதை உப்புநீர் என்கிறோம்?

ஒரு லிட்டரில் கரைந்துள்ள உப்புகளின் எடை ஒரு கிராமுக்குள் இருந்தால் அதை நன்னீர் என்று கொள்வது வழக்கம். ஒரு கிராமிலிருந்து பத்து கிராம் வரை உவர்நீர். அதற்கு மேல் உப்புநீர். எல்லைக்கோடு துறைக்குத் துறை சற்று மாறும். சராசரிக் கடல்நீரில் கிலோவுக்கு 35 கிராம் உப்பு உண்டு. இங்கே உப்பு என்பது சமையல் உப்பை மட்டும் குறிப்பதன்று. கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட், சல்பேட் என்று நீரில் கரைந்துள்ள எல்லாம் அதில் அடக்கம்.

ஒரு லிட்டர் கடல்நீரை அகன்ற பாத்திரத்தில் ஊற்றி முழுவதும் வற்றக் காய்ச்சினால், சுமார் இரண்டு மேசைக்கரண்டி உப்பு அடியில் தங்கும். அது சற்றுக் கசக்கும். திறந்து வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசகசக்கும். இரண்டுக்கும் மக்னீசிய உப்புகளே காரணம். அதே அளவு ஆற்றுநீரைக் காய்ச்சினால், விரலால் தேய்க்கும்போது மாவுபோல் ஒட்டும் மெல்லிய வெண்படலம் மட்டும் மிஞ்சும். எடை பத்தில் ஒரு கிராம் அளவே இருக்கும். ஆற்றுநீரிலும் உப்பு உண்டு, நாக்குக்குத்தான் தெரிவதில்லை.

பூமியில் மொத்தம் எவ்வளவு நீர் இருக்கிறது? அதில் நன்னீரின் பங்கு என்ன?

மொத்தம் 138.6 கோடி கன கிலோமீட்டர். அதில் 96.5 சதவீதம் கடலில் இருக்கிறது. உப்பேறிய நிலத்தடி நீரும் உப்பு ஏரிகளும் சேர்ந்து இன்னொரு சதவீதம். எஞ்சிய 2.5 சதவீதம், அதாவது 3.5 கோடி கன கிலோமீட்டர் மட்டுமே நன்னீர்.

இந்த எண்கள் மனத்தில் நிற்பது கடினம் என்பதால், உலகின் நீர் முழுவதையும் 1,000 லிட்டர் கொள்ளும் ஒரு தொட்டியாகச் சுருக்கிப் பார்க்கலாம். 965 லிட்டர் கடல்நீர். 25 லிட்டர்தான் நன்னீர். அதிலும் 17 லிட்டருக்கு மேல் உறைந்த பனி, ஏழரை லிட்டர் நிலத்தடி நீர். நன்னீர் ஏரிகள் அனைத்தும் சேர்ந்து 66 மில்லிலிட்டர், ஒரு சிறு குவளைக்குக்கூட நிறையாது. மண்ணின் ஈரம் 12 மில்லிலிட்டர், காற்றிலுள்ள நீராவியும் மேகமும் 9 மில்லிலிட்டர். உலகின் ஆறுகள் அனைத்திலும் இந்தக் கணத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நீர் ஒன்றரை மில்லிலிட்டர், அதாவது முப்பது சொட்டு.

ஆறுகள் நன்னீரைத்தானே கொண்டுவந்து கொட்டுகின்றன? கடல் எப்படி உப்பாயிற்று?

மழைநீர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மிக மென்மையான அமிலமாகவே தரையில் விழுகிறது. அது பாறைகளை மெல்ல மெல்ல அரித்து, கரைந்த பொருள்களை ஆற்றோடு அனுப்புகிறது. கடலுக்கு வந்த நீர் ஆவியாகி மேலே போகும். உடன் வந்த உப்பு போகாது. கடல்நீரிலுள்ள குளோரைடின் பெரும்பகுதி எரிமலைகள் உமிழ்ந்த வாயுக்களிலிருந்து வந்தது. இவற்றோடு, கடலடியில் வெந்நீர் பீறிடும் வெடிப்புகளும் கடலின் வேதியியலை மாற்றுகின்றன. அத்தகைய ஊற்றுகளை மனிதர்கள் நேரில் முதன்முதலாகக் கண்டது 1977இல், காலபகோஸ் தீவுகளுக்கு அருகில்.

எனினும், ஆற்றுநீரை வற்றக் காய்ச்சினால் கடல்நீர் கிடைத்துவிடும் என்று நினைப்பது தவறு. ஆற்றுநீரில் மேலோங்கியிருப்பவை கால்சியமும் பைகார்பனேட்டும். கடலில் கரைந்துள்ளவற்றின் எடையில் 85 சதவீதம் சோடியமும் குளோரைடும். சிப்பி, பவளம், நுண்ணுயிர்கள் ஆகியவை கால்சியத்தை எடுத்து ஓடு கட்டிக்கொள்கின்றன; அந்த ஓடுகள் அடியில் படிந்து சுண்ணாம்புப் பாறையாகின்றன. சோடியத்தையும் குளோரைடையும் அப்படி விரும்பி எடுத்துக்கொள்ள ஆளில்லாததால் அவை நீரிலேயே தங்கிவிட்டன.

கடலின் உப்பைக் கொண்டு பூமியின் வயதைக் கணிக்கலாம் என்று எட்மண்ட் ஹேலி 1715இல் ஒரு யோசனை சொன்னார். 1899இல் ஜான் ஜோலி அதை உண்மையிலேயே கணக்கிட்டு, ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகள் என்றார். இன்று நாம் அறிந்த வயது 454 கோடி ஆண்டுகள். அவருடைய பெருக்கல் வகுத்தலில் பிழையில்லை; கடலுக்குள் வரும் உப்பு படிவுகளாகவும் பாறையோடு வினைபுரிந்தும் வெளியேறிக்கொண்டும் இருக்கிறது என்பதுதான் அந்தக் கணக்கில் சேராமல் போயிற்று.

எல்லாக் கடல்களும் ஒரே அளவு உப்பாக இருக்கின்றனவா?

இல்லை. ஆறு ஏதும் சொல்லிக்கொள்ளும்படி வந்து சேராத, வெயில் கடுமையான செங்கடலில் கிலோவுக்கு 40 கிராம் வரை உப்பு உண்டு. ஆறுகள் பல வந்து கலக்கும், ஆவியாதல் குறைந்த பால்டிக் கடலின் நடுப்பகுதியில் மேல்நீரில் 7, 8 கிராம்தான். அதன் வடகோடியில் இன்னும் குறைவு. கங்கையும் பிரம்மபுத்திராவும் கலப்பதால் வங்காள விரிகுடாவின் மேல்நீர் அரபிக்கடலைவிட உப்புக் குறைந்தது. திறந்த பெருங்கடலில், நிலநடுக்கோட்டை ஒட்டி மழை மிகுதியால் உப்பு சற்றுக் குறையும்; அதற்கு வடக்கிலும் தெற்கிலும், பெரும் பாலைவனங்கள் அமைந்த அதே அட்சரேகைகளில், அது உச்சத்தை எட்டும்.

அளவு மாறினாலும் விகிதம் மாறுவதில்லை. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை ஆராய்ந்த வில்லியம் டிட்மார், 1884இல் வெளியிட்ட முடிவுகளில் இதைக் காட்டினார். திறந்த கடலில் எங்கே மொண்டாலும் சோடியத்துக்கும் மக்னீசியத்துக்கும் உள்ள விகிதம் ஒன்றே.

ஏரிகளில் சில நன்னீராகவும் சில உப்பாகவும் இருப்பது ஏன்?

வெளியேறும் ஆறு இருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். யோர்தான் ஆறு கலிலேயக் கடல் எனப்படும் ஏரிக்குள் நுழைந்து, மறுபக்கம் வெளியேறித் தெற்கே ஓடுகிறது. அந்த ஏரி நன்னீர், அதில் மீன்பிடித் தொழில் நடக்கிறது. அதே ஆறு சாக்கடலில் போய் முடிகிறது. சாக்கடல் கடல் மட்டத்துக்கு 430 மீட்டருக்கும் கீழே கிடப்பதால் அங்கிருந்து நீர் எங்கும் ஓட முடியாது, ஆவியாகத்தான் வேண்டும். அதன் உப்பு கிலோவுக்கு ஏறத்தாழ 340 கிராம், கடலைப்போல் பத்து மடங்கு. ஒரே ஆற்றின் இரண்டு ஏரிகள். ஒன்று வழிப்போக்கரின் சத்திரம், மற்றது பயணத்தின் முடிவு.

இதைவிட நுட்பமான எடுத்துக்காட்டு கஜகஸ்தானின் பால்கஷ் ஏரி. ஒரே ஏரி, ஆனால் மேற்குப் பாதி நன்னீர், கிழக்குப் பாதி உப்பு. இலி என்னும் பேராறு மேற்கில் வந்து கலக்கிறது. இரு பாதிகளுக்கும் இடையே சில கிலோமீட்டர் அகலமே உள்ள ஆழமற்ற நீரிணை ஒன்று இருக்கிறது. மேற்குப் பாதியின் நீர் அதன் வழியாகக் கிழக்கே போய்விடுவதால் உப்பும் உடன் போகிறது. கிழக்குப் பாதிக்கு அடுத்த வழி இல்லை. ஆக, மேற்குப் பாதிக்குக் கிழக்குப் பாதியே கடலாக அமைந்துவிட்டது. அமெரிக்காவின் பெரிய உப்பு ஏரியில் இதே நிலையை மனிதரே உண்டாக்கினர். 1959இல் அதன் குறுக்கே கட்டி முடிக்கப்பட்ட ரயில் பாதைக் கரை, ஆறுகள் வந்து சேராத வடபகுதியைத் தனியாக்கியது. இன்று அங்கே உப்பை விரும்பும் நுண்ணுயிர்கள் பெருகி நீர் இளஞ்சிவப்பாக நிற்க, தென்பகுதி வழக்கமான நீல நிறத்தில் இருக்கிறது.

விதிக்கு விலக்காக ஆப்பிரிக்காவின் சாட் ஏரியைச் சொல்லலாம். வெளியேறும் ஆறு அதற்கு இல்லை. ஆனாலும் நீர் நன்னீரே. அடிமண் வழியாக நீர் கசிந்து நிலத்தடிக்குப் போகும்போது உப்பையும் எடுத்துச் செல்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதுவும் ஒரு வெளியேறும் வழிதான்.

காஸ்பியன் கடல், கடலா ஏரியா?

பெருங்கடலோடு தொடர்பில்லாததால் நிலவியல் நோக்கில் ஏரி, உலகிலேயே பெரியது. கரையோர நாடுகள் அதன் அடியிலுள்ள எண்ணெயைப் பங்கிடும்போது இந்தக் கேள்வி வேறு பொருள் பெறும், அது நமக்கு இங்கே வேண்டாம். உலகின் உப்பு ஏரிகளில் உள்ள மொத்த நீரில் பத்தில் ஒன்பது பங்கு இந்த ஒன்றிலேயே இருக்கிறது. அதன் உப்பு லிட்டருக்கு 12, 13 கிராம். வோல்கா ஆறு கலக்கும் வடகோடியில் கிட்டத்தட்ட நன்னீர்.

வெளியேறும் வழியில்லாத ஏரி இவ்வளவு குறைந்த உப்போடு இருப்பதற்குக் கிழக்குக் கரையிலுள்ள காராபோகஸ்கோல் என்னும் விரிகுடாவும் ஒரு காரணம். காஸ்பியன் நீர் ஒரு குறுகிய வாய்க்கால் வழியாக அதனுள் பாய்ந்து, பாலைவன வெயிலில் வற்றி, உப்பை அங்கேயே விட்டுவிடுகிறது. காஸ்பியனின் நீர்மட்டம் குறைவதைத் தடுப்பதற்காகச் சோவியத் பொறியாளர்கள் 1980இல் அந்த வாயை அணையிட்டு அடைத்தனர். விரிகுடா சில ஆண்டுகளிலேயே வறண்டு, உப்புப் புழுதி பறக்கத் தொடங்கியது. 1992இல் அணை அகற்றப்பட்டது.

மேற்பரப்பு நன்னீர் எந்த ஏரிகளில் அதிகம்?

சைபீரியாவின் பைக்கால் ஏரியில் மட்டும் 23,600 கன கிலோமீட்டர் நீர் உள்ளது. பூமியின் மேற்பரப்பிலுள்ள, உறையாத நன்னீரில் இது ஐந்தில் ஒரு பங்கு. வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகள் ஐந்தும் சேர்ந்தால்தான் ஏறக்குறைய அந்த அளவு வரும். பரப்பில் பைக்கால் அவ்வளவு பெரியதன்று. அதன் ஆழம் 1,642 மீட்டர் என்பதே காரணம். ஆப்பிரிக்காவின் டாங்கனிகாவும் இதேபோல் நிலப்பிளவில் அமைந்த ஆழமான ஏரி, 18,900 கன கிலோமீட்டர் கொள்ளும்.

துருவப் பனி நன்னீரா? கடல் உறைந்தால் உண்டாகும் பனியுமா?

அண்டார்க்டிகாவையும் கிரீன்லாந்தையும் மூடியுள்ள பனி, வானிலிருந்து விழுந்த பனித்தூவல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காக அமுங்கி இறுகியது. எனவே அது நன்னீர். பூமியின் பனியில் ஏறத்தாழ 90 சதவீதம் அண்டார்க்டிகாவில் இருக்கிறது. அது முழுவதும் உருகினால் கடல் மட்டம் 58 மீட்டர் உயரும், கிரீன்லாந்து உருகினால் 7 மீட்டர். கடலில் மிதக்கும் பெரும் பனிமலைகள் இந்தப் பனிவிரிப்புகளிலிருந்து உடைந்து விழுந்தவை. உப்புநீரில் மிதந்தாலும் அவையும் நன்னீரே. சைபீரியா, கனடா போன்ற இடங்களில் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் மண்ணில் மட்டும் 3 லட்சம் கன கிலோமீட்டர் பனி உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அது உலகின் நன்னீர் ஏரிகள் அனைத்தையும்போல் மூன்று மடங்கு.

கடல்பனியின் கதை வேறு. கடல்நீர் மைனஸ் 1.8 டிகிரி செல்சியஸ் அளவில் உறைகிறது. பனிப்படிகத்தின் கட்டமைப்பில் உப்புக்கு இடமில்லாததால் அது வெளியே தள்ளப்படும். ஒரு பகுதி மட்டும் பனிக்குள் நூலிழை போன்ற குழிகளில் அடர்ந்த உப்புநீராகச் சிக்கிக்கொள்ளும். புதுக் கடல்பனியை உருக்கினால் வாயில் வைக்க முடியாது. கோடைகள் சில கடந்த பழைய பனியிலிருந்து அந்த உப்புநீர் வடிந்துவிடுவதால், ஆர்க்டிக் பயணிகள் அதை உருக்கிக் குடித்து வந்துள்ளனர். தள்ளப்பட்ட உப்பால் கனத்த நீர் கடலடிக்கு மூழ்கி, உலகக் கடல்களின் ஆழ்நீரோட்டத்துக்கு ஒரு தொடக்கமாக அமைகிறது.

நிலத்தடி நீர் முழுவதும் நன்னீரா?

இல்லை, பாதிக்கு மேல் உப்பேறியது. உப்பான நிலத்தடி நீர் 1.29 கோடி கன கிலோமீட்டர், நன்னீர் 1.05 கோடி. ஆழம் கூடக் கூட நீர் பாறையோடு நெடுங்காலம் தங்கியிருப்பதால் பொதுவாக உப்பு ஏறும். நன்னீர் பெரும்பாலும் மேலடுக்குகளில், மழை வந்து புதுப்பிக்கும் ஆழத்தில் இருக்கிறது. எகிப்து, லிபியா, சூடான், சாட் ஆகிய நாடுகளுக்கு அடியில் விரிந்துள்ள நுபியன் மணற்பாறை நீர்த்தாங்கியின் நிலை வேறு. சகாராவில் மழை பெய்த பழங்காலத்தில் சேர்ந்த நீர் அது. இன்று எடுக்கப்படும் அளவுக்கு ஈடாக எதுவும் வந்து சேர்வதில்லை.

கடற்கரையிலும் சிறு தீவுகளிலும் நன்னீர், உப்புநீரின்மேல் மிதந்தபடி இருக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு கனமானது. இதனால், கிணற்று நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு ஒரு மீட்டர் மேலே இருந்தால், கீழே 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுக்காரரான பாதோன் ஹைபனும் 1901இல் ஜெர்மானியரான ஹெர்ட்ஸ்பெர்க்கும் தனித்தனியே இதைக் கண்டனர். இந்தக் கணக்கின் மறுபக்கம் அச்சமூட்டுவது: நீரை இறைத்து மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், அடியிலிருந்து உப்புநீர் காலப்போக்கில் 40 மீட்டர் மேலே ஏறும்.

கடலுக்கு அடியில் நன்னீர் இருக்க முடியுமா?

முடியும். பஹ்ரைனை அடுத்த ஆழமற்ற கடலில், கடலடி ஊற்றுகளிலிருந்து நன்னீர் பீறிட்டுக்கொண்டிருந்தது. மூழ்குவோர் தோல்பைகளுடன் இறங்கி, ஊற்றின் வாயிலேயே அதைப் பிடித்து வந்தனர். அமெரிக்காவின் வடகிழக்குக் கரைக்கு அப்பால், கடலடிப் படிவுகளுக்குள் பெருமளவு உப்புக் குறைந்த நீர் பரந்திருப்பதை 2019இல் வெளியான மின்காந்த ஆய்வு ஒன்று காட்டியது. பனியுகத்தில் கடல் மட்டம் 100 மீட்டருக்கும் கீழே இருந்தபோது, இன்று கடலடியாக உள்ள அந்த நிலம் வெளியில் கிடந்து மழையை வாங்கிக்கொண்டது என்பது ஒரு விளக்கம்.

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் என்ன நடக்கிறது?

பல கழிமுகங்களில் இரு நீரும் உடனே கலப்பதில்லை. கனமான கடல்நீர் ஓர் ஆப்புபோல் ஆற்றுப்படுகையை ஒட்டி உள்ளே நுழைய, இலேசான ஆற்றுநீர் அதன்மேல் வழுக்கிக் கடலுக்குள் போகும். ஆற்றில் நீர்வரத்துக் குறையும் மாதங்களில் அந்த ஆப்பு மேலும் உள்ளே ஏறும். ஆற்றின் வலிமை மிகுந்தால் கடலே பின்வாங்கும். அமேசான், உலக ஆறுகள் கடலுக்குத் தரும் நீரில் 15 முதல் 20 சதவீதத்தைத் தனியொன்றாகத் தருகிறது. 1500இல் அப்பக்கம் சென்ற ஸ்பானிய மாலுமி விசென்டே யானெஸ் பின்சோன், கரை கண்ணுக்குத் தெரியாத தொலைவில் மொண்ட நீர் குடிக்கத் தக்கதாக இருந்ததைக் கண்டு, அந்தப் பகுதிக்கு 'இனிய கடல்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்.

ஆறுகளில் இருப்பது முப்பது சொட்டு என்றால், அது எப்படிப் போதுகிறது?

இருப்பு வேறு, வரத்து வேறு. ஆண்டுதோறும் கடலிலிருந்து 5,05,000 கன கிலோமீட்டரும் நிலத்திலிருந்து 72,000 கன கிலோமீட்டரும் ஆவியாகின்றன. அதில் 4,58,000 கடலிலேயே விழுகிறது. 1,19,000 நிலத்தில் விழுகிறது. காற்றில் எந்த நேரத்திலும் இருப்பது 12,900 மட்டுமே என்பதால், வானத்து நீர் முழுவதும் எட்டு நாளுக்கு ஒரு முறை மாறிவிடுகிறது. ஆற்றுநீரும் அப்படியே, இரண்டு மூன்று வாரங்களில் புதிதாகிறது. ஒரு கையளவு நீர்தான், ஆனால் ஓயாமல் ஊற்றப்படுகிறது. உலகின் மிகப் பெரிய உப்புநீக்கும் ஆலை கடலின் மேற்பரப்புதான், எரிபொருள் வெயில். மனிதர் சவ்வுகளைக் கொண்டு இதையே செய்யும்போது 1,000 லிட்டருக்கு 3, 4 யூனிட் மின்சாரம் செலவாகிறது.

கடல்நீரைச் சிறிதளவேனும் குடிக்கக் கூடாதா?

கூடாது. மனிதச் சிறுநீரகம் கடல்நீரளவுக்கு உப்படர்ந்த சிறுநீரை உண்டாக்க இயலாது. குடித்த உப்பை வெளியேற்ற, குடித்ததைவிட அதிக நீரை உடல் இழக்க நேரிடும்.

பூமியின் ஆழத்தில் பெருங்கடல் ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்களே?

அலையடிக்கும் கடல் எதுவும் அங்கே இல்லை. பிரேசிலில் கிடைத்த ஒரு வைரத்துக்குள் சிக்கியிருந்த ரிங்வுடைட் என்னும் கனிமத் துணுக்கில், எடையில் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் நீர் இருந்ததாக 2014இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. அந்தக் கனிமம் 500 கிலோமீட்டருக்கும் கீழான ஆழத்தில் உருவாவது. அங்குள்ள நீர் ஹைட்ராக்சில் வடிவில் படிகத்தோடு பிணைந்து கிடக்கிறது, பிழிந்தால் சொட்டாது. அதை நன்னீர் என்றும் சொல்ல முடியாது, உப்புநீர் என்றும் சொல்ல முடியாது. மேலே சொன்ன 138.6 கோடியிலும் அது சேரவில்லை.